ஒரு கோப்பின் முதல் வரி

என் வீட்டுக் கணினியில் ஒரு கோப்பு தன்னால் மாறிக்கொண்டிருந்தது. இந்த வாக்கியத்தில் எனக்கு உறுத்துகிற சொல் 'தன்னால்' என்பதுதான். வலங்கைமான் பக்கத்தில் இந்த ஒரு சொல் பல காரியங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. மடை தன்னால் உடைத்துக்கொண்டது, வரப்பு தன்னால் நகர்ந்தது, கணக்கில் பணம் தன்னால் குறைந்தது. சொல்கிறவர் யாரும் இதை நம்பிச் சொல்வதில்லை. செய்தவன் பெயரைச் சொல்ல விருப்பமில்லை, அல்லது பெயர் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருக்கிறது. அப்போதுதான் இந்தச் சொல் வருகிறது.

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று பொருள் சொல்கிறது. 'ஆல்' என்ற உருபு வந்தால் அதற்கு முன்னால் ஒரு கருவியோ ஒரு கருத்தாவோ இருந்தாக வேண்டும். 'தன்னால்' என்பதில் உருபு இருக்கிறது, ஆள் இல்லை. கருத்தாவையும் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. கோயில் அரசனால் கட்டப்பட்டது என்றாலும் சரி, தச்சனால் கட்டப்பட்டது என்றாலும் சரி. முன்னவன் ஏவினான், பின்னவன் இயற்றினான். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பிரிவினை, சில வரிகளே உள்ள ஒரு கோப்பை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தேவைப்பட்டது.

கவிதையைப் பற்றியும் பிரதியைப் பற்றியும் பேசுகிற பத்திரிகையில் கணினிக் கோப்புக்கு என்ன இடம் என்று நண்பர்கள் கேட்கலாம். பிரதி மாறுவதைப் பற்றித்தான் நானும் எழுதுகிறேன். மாறுகிற பிரதிக்கு முன்னால் ஒரு வீடும் ஒரு தெருவும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம் இது. பெரிய நூல்களைப் பற்றி விவாதிக்கும்போது இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்க்க முடிவதில்லை.

கோப்பைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னுடைய கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் 'ரிஸால்வ்.கான்ஃப்' என்று ஒரு கோப்பு உண்டு. இணையத்தில் உள்ள இயந்திரங்களுக்கு உண்மையான அடையாளம் எண்தான். பெயர் நமக்காக வைத்தது. ஆரம்பத்தில் இந்தப் பெயர்–எண் ஜாபிதா முழுவதும் ஒரே இடத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிஸபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. மற்ற இடங்களில் இருந்தவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். இயந்திரங்கள் பெருகியதும் இது கட்டுப்படியாகவில்லை. 1983ல் பால் மொகபெட்ரிஸ் வேறு ஓர் அமைப்பை வகுத்தார். ஜாபிதா பல கைகளுக்குப் பிரிந்தது. ஒவ்வொரு கணினியும், யாரிடம் கேட்டால் எண் தெரியும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும் என்றாயிற்று. அப்படிக் கேட்கவேண்டிய முகவர்களின் எண்களை எழுதி வைக்கிற இடம்தான் இந்தக் கோப்பு. வழக்கமாக மூன்று முகவர்களுக்குமேல் எழுதினாலும் இயந்திரம் லட்சியம் செய்வதில்லை.

விஷயம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் நான் ஒரு நூலகத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய வாசல் எது என்று சொல்கிற அதிகாரம் இந்தக் கோப்பில் எழுதப்பட்டிருப்பவரிடம் இருக்கிறது. அவர் தாமதித்தால் நான் காத்திருக்க வேண்டும். அவர் பொய் சொன்னால், நூலகத்துக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு வேறு எவன் வீட்டிலோ உட்கார்ந்திருப்பேன். இந்தக் கோப்பில் எழுத முடிகிறவன், நான் எங்கே போகிறேன் என்பதைத் தீர்மானிக்கிறான்.

எங்கள் வீட்டுக்கு இணைப்புத் தருகிறவருடைய முகவர் மாலை நேரங்களில் பதில் சொல்லாமல் இருந்தார். பழைய சிறு பத்திரிகைகளின் மின்படிகளைத் தேடி நான் உட்காருகிற நேரம் அதுதான். கடைத்தெருவில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிற பையன் ஒருவன் வந்து பார்த்தான். பாலிடெக்னிக் முடித்தவன், பத்தொன்பது வயது இருக்கும். "டிஎன்எஸ்ஸ மாத்தி வுட்டா சரியாப் போயிடும் சார்" என்றான். கோப்பில் இருந்ததைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதினான்: 8.8.8.8. கூகுள் 2009லிருந்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் முகவர் அது. பத்திரிகைகள் திறந்தன. இரண்டு நாள் கழித்து மறுபடி திறக்கவில்லை. கோப்பில் பையன் எழுதியது இல்லை; பழைய எண்களே திரும்பி வந்திருந்தன. அவன் வந்து மறுபடி எழுதினான். அதுவும் போயிற்று. இப்படி ஐந்து தடவை.

என் மாமா எங்களோடு இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர்; கணக்குத் தெரிந்தவர். மூன்றாவது தடவையே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அவன் வந்துட்டுப் போனாத்தான்டா இது கெடுது. நீ கவனிச்சியா? வந்தா அம்பது ரூபா கெடைக்குதுல்ல" என்றார். ஐந்தாவது தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ பாங்கில வேல பாக்குறவன். யாரை வீட்டுக்குள்ள வுடுறோம்னு ஒரு யோசனை வேண்டாமா?" என்றார். பையன் வருவது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து. மாமா அதைச் சொல்லவில்லை. 'யாரை' என்ற சொல்லில் அது இருந்தது.

கோப்பு கெட்டதால் அவன் வந்தான். அவன் வந்ததால் கோப்பு கெட்டது என்று மாமாவுக்குப் பட்டது. குடைகள் நடமாடுகிற தினங்களில் எல்லாம் மழை பெய்கிறது என்று ஒருவர் கணக்கெழுதினால் அதில் கூட்டல் பிழை எதுவும் இருக்காது. ஆனால் மாமாவின் தர்க்கம் கோணலாக இருந்தது என்பதாலேயே பையன் குற்றமற்றவன் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அது வேறு வகையான சோம்பல். முற்போக்கான அபிப்ராயம் கைவசம் இருக்கிறது என்பதற்காகச் சாட்சியத்தைப் பார்க்காமல் இருப்பவர்களை நம் வட்டத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். தவறான தர்க்கம் சரியான விடைக்கு வந்து சேர்வதும் உண்டு.

மேலும் இப்படிப்பட்ட திருட்டு உலகில் நடந்திருக்கிறது. 2007லிருந்து எஸ்டோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல், 'டிஎன்எஸ் சேஞ்ஜர்' என்று பெயர் பெற்ற ஒரு நச்சு நிரலைப் பரப்பியது. அது செய்தது இந்த ஒரே காரியம்தான்: முகவர் எண்ணை மாற்றித் தன் ஆளின் எண்ணை எழுதிவைப்பது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் அகப்பட்டன. அவற்றை உபயோகித்தவர்கள், கும்பல் காட்டிய விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு, சரியான இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2011 நவம்பரில் கைது நடந்தது. அப்போதும் பொய் முகவர்களைச் சட்டென்று நிறுத்த முடியவில்லை; நிறுத்தினால் லட்சக்கணக்கானோருக்கு ஒரு பெயரும் திறக்காது. எனவே நீதிமன்ற உத்தரவின்பேரில் அதே எண்களில் நேர்மையான முகவர்களை உட்கார வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். ஆகவே மாமாவின் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை. கை இருக்கக்கூடும். அது யாருடைய கை என்பதுதான் கேள்வி.

ஆறாவது தடவை கோப்பு மாறியபோது நான் பையனைக் கூப்பிடவில்லை. கோப்பைத் திறந்து, எண்களுக்குப் போகாமல், மேலிருந்து கீழாக வாசித்தேன். முதல் வரி எண் இல்லை. இயந்திரம் பொருட்படுத்த வேண்டாம் என்று காட்டும் குறியோடு ஆரம்பிக்கிற ஒரு குறிப்பு. மனிதர்கள் வாசிப்பதற்கென்றே விடப்பட்ட வரி. 'நெட்வொர்க் மேனேஜரால் உண்டாக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. செயப்பாட்டு வினைதான், ஆனால் கருத்தாவை விழுங்காத செயப்பாட்டு வினை. 'ஆல்' இருந்தது, அதற்கு முன்னால் ஒரு பெயரும் இருந்தது. நெட்வொர்க் மேனேஜர் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு நிரல். 2004லிருந்து வழக்கில் இருப்பது. இணைப்பு ஏற்படுத்துவதும் துண்டிப்பதும் அதன் வேலை. மாறிய கோப்பு, மாற்றியது யார் என்பதைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தது. வேறு சில லினக்ஸ் வகைகளில் இந்த வரி இன்னும் கண்டிப்பாக இருக்கும்: கையால் திருத்தாதே, திருத்தினால் அழிந்துபோகும் என்று. அவற்றில் சிலவற்றில் கோப்பே அந்த இடத்தில் கிடையாது. அங்கே இருப்பது ஒரு சுட்டு. நிஜமான எழுத்து நினைவகத்தில் இருக்கிறது, மின்சாரம் போனால் அதுவும் போய்விடும், வந்தால் புதிதாக எழுதப்படும்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று ஒரு பொறியாளர் சொல்லலாம். விமர்சகனுக்கு முடியவில்லை. ஒரு பிரதி தன் ஆசிரியனைப் பற்றித் தானே சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. கபிலர் பெயரில் எத்தனை நூல்கள், ஔவையார் பெயரில் எத்தனை நூல்கள் என்பது நமக்குத் தெரியும். திருட்டு நிரல் ஒன்று எழுதினாலும் இதே வரியை மேலே போட்டுவிட்டுப் போகலாம். முதல் வரி ஒரு வாக்குமூலம். வெளிச் சாட்சியம் வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொண்டேன். மூன்று பத்தி. கோப்பு கடைசியாக மாறிய நேரம்: இதை இயந்திரம் நொடிவரை குறித்து வைக்கிறது. மின்சாரம் போய் வந்த நேரம்: இது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற மின்விசிறியைப் பார்த்தாலே தெரியும், இயந்திரத்தின் தினக்குறிப்பிலும் இருக்கும். மூன்றாவது, வீட்டுக்கு யார் வந்தார்கள். முந்திய ஐந்து மாற்றங்களுக்கு இயந்திரத்தின் தினக்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டி எழுதினேன். பிறகு நானே 8.8.8.8 என்று எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாறியதும் குறித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். 22 நாளில் மொத்தம் பதினோரு மாற்றங்கள். பையன் வந்தது முதல் ஐந்துக்கு. ஐந்திலும் மாற்றம் நடந்த பிறகு. அடுத்த ஆறில் அவன் வாசற்படி மிதிக்கவே இல்லை. இரண்டு மாற்றங்கள் விடியற்காலை இரண்டரை மணிக்கு மேல். மின்சாரம் திரும்பினால் தானே எழுந்துகொள்ளும்படி ஓர் ஏற்பாடு அந்தப் பழைய கணினியில் இருந்தது. வீடு தூங்கும்போது அது எழுந்து, ரவுட்டர் பெட்டியோடு பேசி, கோப்பை எழுதியிருக்கிறது. பதினோரு தடவையும் மின்சாரம் வந்து இணைப்பு உண்டான அதே நிமிஷத்தில் கோப்பு மாறியிருந்தது. நெட்வொர்க் மேனேஜரின் தினக்குறிப்பும் அதையே சொன்னது. இரண்டு புத்தகங்களை எதிரெதிரே வைத்து வரிக்கு வரி டிக் அடிப்பது என் பிழைப்பு. இந்தக் கணக்கு ஒத்துப்போயிற்று.

ஏன் எழுதுகிறது என்பதற்கான விடை ஒரு சொல்லில் இருக்கிறது. இணையத்தோடு சேர்வதற்குக் கணினிக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் அதற்குச் சொந்தமாகக் கிடைப்பதில்லை. ஒரு கால அளவுக்கு மட்டும் கிடைக்கிறது. 1993ல் வகுத்து 1997ல் திருத்திய டிஹெச்சிபி என்ற விதிமுறையில் இதற்குப் பெயர் 'லீஸ்'. குத்தகை. கலைச்சொல் விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1940ல் சென்னை அரசு அமைத்த கலைச்சொல் குழுவின் தலைவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, 1869ல் வலங்கைமானில் பிறந்தவர். குழு வடமொழிச் சார்புடையது என்று மறைமலையடிகள் முதலியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குத்தகை என்ற சொல் அந்தச் சண்டையில் எந்தக் கட்சிக்கும் போகாமல் வயலிலேயே கிடந்தது. இந்த விதிமுறையை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி, கொடுத்தவரிடம் போய்ப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கிறது. பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், கொடுக்கக்கூடிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிறது. மின்சாரம் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் எண்ணோடு கூட, இன்னின்ன முகவர்களிடம் கேட்டுக்கொள் என்ற கட்டளையும் வருகிறது. நெட்வொர்க் மேனேஜர் அந்தக் கட்டளையைக் கோப்பில் எழுதுகிறது. நான் இடையில் எழுதியதை அது அழிப்பது விரோதத்தினால் இல்லை. நான் எழுதினேன் என்பதே அதற்குத் தெரியாது. கணினி என் காசில் வாங்கியது. அதன் முகவரி குத்தகை. குத்தகை நிலத்தில் நட்ட தென்னங்கன்றுக்கு நேர்வது என் வரிக்கும் நேர்ந்தது.

அப்படியானால் யாருமே மாற்றவில்லை, தன்னால்தான் மாறியது என்று ஆகிவிடுமா? இங்கேதான் இலக்கணக்காரர்களின் பிரிவினை உதவுகிறது. முதல் வரி சொன்னது இயற்றுதற் கருத்தாவின் பெயரை. ஏவுதற் கருத்தா இணைப்புத் தருகிறவர். அவர் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறாரோ அது என் கோப்பில் வந்து விழுகிறது. அவருக்கும் பின்னால் விதிமுறையை வகுத்தவர்கள், நிரலை எழுதியவர்கள். எல்லோரும் பெயருள்ள மனிதர்கள். ஏற்பாடு என்று ஒன்று இருந்தால் அதை ஏற்படுத்தியவர்கள் இருந்தே தீரவேண்டும். மாமாவின் பிழை ஆளைத் தேடியதில் இல்லை. அவர் தேடிய திசையில் இருந்தது. மேலே போகவேண்டிய கேள்வி கீழே போயிற்று.

இது என் மாமாவோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் கவுன்ட்டரில் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தது. 2022 ஜூனிலிருந்து அது 20 ரூபாய். மே மாதக் கடைசியில் சேமிப்புக் கணக்கிலிருந்து அது கழிகிறது. பாஸ்புக்கில் ஒரு சுருக்கெழுத்தும் ஒரு தொகையும் விழும். நடவுக்குப் போகிற ஓர் அம்மாள் ஒரு ஜூன் மாதத்தில் புத்தகத்தை நீட்டி, "இத யாரு எடுத்தா?" என்று கேட்டார். பக்கத்து ஸீட்டிலிருந்து, "ஸிஸ்டம் எடுத்திருக்கும்மா" என்று பதில் வந்தது. அந்த அம்மாள் எங்களை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திரும்பி, ஏடிஎம் கார்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பேரனைப் பார்த்தார். நான் அவசரமாக விளக்கினேன். பேரன் முகத்தில் வந்தது விளக்கத்தால் போகவில்லை.

பழைய லெட்ஜர்களில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் இரண்டு சுருக்கொப்பம் இருக்கும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். எழுதியவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. இப்போதும் நான் செய்கிற பதிவில் என் எண் இருக்கிறது. ஸிஸ்டம் செய்கிற பதிவில், வாடிக்கையாளர் வாசிக்கக்கூடிய இடத்தில், யாருடைய பெயரும் இல்லை. யார் தீர்மானித்தார்கள், எந்தத் தேதியில், எந்தச் சம்மதத்தின் பேரில் என்பதெல்லாம் எங்கோ இருக்கின்றன. இருந்து என்ன? செய்தவன் பெயர் எழுதப்படாத இடத்தில் சந்தேகம் சும்மா இருப்பதில்லை. தண்ணீரைப்போல அதுவும் பள்ளத்தைத் தேடிப் போகிறது. அங்கே பேரனும், காலனிப் பையனும் நிற்கிறார்கள்.

ஏவியவனையும் இயற்றியவனையும் சேர்த்து எழுதுவது நமக்குத் தெரியாத பழக்கம் இல்லை. 1010ல் பூர்த்தியான தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ராஜராஜன் பெயரோடு பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் எந்தச் சிறகில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதுகூட இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் 1880லிருந்து தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அங்கே இருந்துகொண்டுதான் சீவக சிந்தாமணியைப் பரிசோதித்து 1887ல் வெளியிட்டார். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்ததும் அதே கல்லூரியில்தான். அங்கே அவரை ஏடு தேடி அலைந்த பக்திமானாகவே எங்களுக்குச் சொன்னார்கள். அவர் செய்ததில் எனக்கு இப்போது பெரிதாகப் படுவது வேறு. பாடம் வேறுபட்டால் வேறுபாட்டைக் குறித்தார். ஏடு யாரிடமிருந்து வந்தது என்று எழுதினார். பிழைக்கெல்லாம் ஏடு எழுதியவனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவனும் இயற்றுதற் கருத்தாதான், கூலிக்கு எழுதியவன். நம் காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ல் கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பு, பத்திரிகையில் வந்த வடிவத்துக்கும் புத்தகத்தில் வந்த வடிவத்துக்கும் உள்ள பேதங்களைக் காட்டியது. அதற்கு முன்னால் ஒரு கதையின் இரண்டு வடிவங்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். இருவருமே சரியாக மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

கோப்பை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வழி, யாரும் எழுத முடியாதபடி அதைப் பூட்டிவிடுவது. லினக்ஸில் ஒரே கட்டளையில் பூட்டலாம். சென்னையிலிருந்து ஒரு நண்பர் இதைத்தான் சொன்னார். அதை நான் விரும்பவில்லை. பூட்டிய கோப்பு இன்றைக்குச் சரியாக இருக்கும். நாளைக்கு வேறு ஊரில், வேறு இணைப்பில், அங்குள்ள முகவரைத்தான் கேட்கவேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு பெயரும் திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். நெட்வொர்க் மேனேஜர் எழுதப் போய், முடியாமல் திரும்பிவிடும். தமிழையும் இப்படி ஒரு தேதியில் பூட்டிவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்களுக்குப் பிடித்த பிரதி கையில் இருக்கும் நிமிஷத்தில் பூட்டுவதற்கு எல்லோருக்கும் ஆசைதான்.

இன்னொரு வழி, எழுதுகிறவனிடமே சொல்வது. நெட்வொர்க் மேனேஜருக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பதிவேடு உண்டு. குத்தகையோடு வருகிற முகவர்களை ஏற்காதே, இவரை மட்டும் எழுது என்று அந்தப் பதிவேட்டில் சொல்லலாம். சொன்னேன். அன்றிலிருந்து மின்சாரம் எத்தனை தடவை போய் வந்தாலும் கோப்பு புதிதாக எழுதப்படுகிறது. எழுதுவது அதே நிரல். முதல் வரியில் அதே பெயர். கீழே நான் சொன்ன எண். வயலில் நின்று சண்டை போடுவதற்கும் ஆவணத்தில் பெயர் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். வாய்ப்பேச்சில் தலைமுறையாகச் சாகுபடி செய்துகொண்டிருந்தவனுக்கு, 1969ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் ஒரு பதிவேட்டைக் கொடுத்தது. அதனால் நிலம் அவனுக்குச் சொந்தமாகிவிடவில்லை. கேள்வி வரும்போது காட்டுவதற்கு ஓர் இடத்தில் அவன் பெயர் இருந்தது.

நோட்டை மாமாவிடம் காட்டினேன். கணக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன் அல்லவா, ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொண்டார். "சரி. கரண்ட் வந்தா மாறுது" என்றார். பையனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதற்குள் அவருடைய சந்தேகம் எங்கள் திண்ணையிலிருந்து இறங்கி, தெருவில் இரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது. அந்த வீடுகளில் செல்போன் பழுதானால் இப்போது கும்பகோணத்துக்குப் போகிறார்கள். அங்கே நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டவும் முடியாது. அவர்கள் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டால், "அந்தக் கடைக்குப் போறது தன்னால நின்னு போச்சு" என்கிறார்கள். பையனுக்கும் நோட்டைக் காட்டினேன். வரி வரியாகப் படித்தான். பிறகு அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பிரதி மாறக்கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். மாறாத பிரதி செத்துப்போன பிரதியாகவும் இருக்கலாம். மாற்றுகிறவன் தன் பெயரை, வாசிக்கிறவன் பார்க்கிற இடத்தில் எழுதவேண்டும் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. ஒரு நிரல் அதைச் செய்கிறது. சிறு பத்திரிகைகள் எப்போதும் செய்கின்றனவா? கவிதையில் ஒரு வரி போய்விடுகிறது. அச்சுக்கோப்பவர், இப்போது என்றால் பக்கம் வடிவமைப்பவர், மேல் பழி விழுகிறது. அவர் இயற்றுதற் கருத்தா, நம் கூட்டங்களுக்கு வராதவர், பதில் எழுதாதவர். ஏவியவர் அடுத்த இதழுக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டிருப்பார். இந்தக் கட்டுரையில் ஆசிரியர் எதையாவது வெட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெட்டிய இடத்தில் ஒரு சுருக்கொப்பம் போட்டுவிடட்டும்.